பாடச் சொன்ன ஊர்

நாட்டு நடப்பு, ஊர்ப் பேச்சு, வாக்குவாதம், நடுவே பாட்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் கூடிய ஒரு நண்பர் வட்டத்தின் கதை.

புதுச்சேரியில் ஒரு கல்யாண வீடு. வாத்தியார் வேணு நாயக்கரின் திருமணம். விருந்து முடிந்து உறவும் நட்பும் கூடி உட்கார்ந்திருந்த வேளையில், பாட வரும் என்று பெயரெடுத்த ஓர் இளைஞரைப் பாடச் சொன்னார்கள். அவர் பெயர் சுப்புரத்தினம். அவர் எடுத்துக்கொண்டது சுதந்திரத்தைப் பற்றிய ஒரு பாட்டு. பாடப் பாட, கூட்டத்தின் கண்கள் பாடுகிறவரை விட்டு, அங்கே உட்கார்ந்திருந்த வேறொருவரை நோக்கிப் போய்ப் போய் வந்தன.

சுப்புரத்தினத்துக்கு அது தெருவில் போகவரப் பார்த்த முகம்தான். ரவிவர்மா படத்துப் பரமசிவம் என்று மனசுக்குள் பெயர்கூட வைத்திருந்தார். அந்தப் பாட்டை எழுதியவரே அவர்தான், சுப்பிரமணிய பாரதி என்று பிறகுதான் சொன்னார்கள். அன்று தொடங்கிய பழக்கம், கனக சுப்புரத்தினத்தைப் பாரதிதாசன் ஆக்கியது. இதைப் பாரதிதாசனே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையைப் புதுவைக்காரர்கள் பல முறை கேட்டிருப்பார்கள். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்ன விஷயம். பிரிட்டிஷ் எல்லைக்குள் பாடினால் போலீஸ் வந்து விசாரிக்கக்கூடிய பாட்டு அது. அதை ஒரு கல்யாண வீட்டில், உண்ட களைப்பில் இருந்த ஜனங்கள் நடுவே, ‘பாடு’ என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். அரசியலும் சங்கீதமும் ஊர் வாழ்க்கையும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தப் பாயை விரித்தவர்கள் ஒரு நண்பர் கூட்டம்.

அடைக்கலம்

1908. மார்ச்சில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. ஆகஸ்டில் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசனைப் பிடித்தார்கள். அந்தப் பத்திரிகையின் எழுத்தும் உயிரும் பாரதிதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த முறை யாரென்று கேட்க வேண்டியதில்லை. நண்பர்கள் வற்புறுத்த, பாரதி புதுச்சேரிக்கு ரயிலேறினார். அங்கே பிரெஞ்சு ஆட்சி; கொடி வேறு, சட்டம் வேறு, போலீஸ் வேறு.

அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்தே வெளிவரத் தொடங்கியது. மண்டயம் குடும்பத்து ஸ்ரீநிவாஸாசாரியார் அதற்குத் தூணாக நின்றார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி, சந்திரநாகூரில் மறைந்திருந்த அரவிந்தர் துய்ப்ளே என்ற கப்பலில் வந்து இறங்கினார். ஒரு பிரெஞ்சுப் பகுதியிலிருந்து இன்னொரு பிரெஞ்சுப் பகுதிக்கு வந்த பயணம் அது. கலவை சங்கர செட்டியார் தம் வீட்டு மாடியை அவருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் வ.வே.சு. ஐயர் வந்தார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். பட்டம் வாங்கும்போது ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று உதறிவிட்டு, மாறுவேடத்தில் தப்பி வந்தவர். கொஞ்ச நாளில், அரவிந்தரைப் பார்க்க வந்த வ.ராமசாமி என்ற இளைஞரும் இவர்களோடு ஒட்டிக்கொண்டார். பின்னாளில் ‘மணிக்கொடி’ நடத்திய வ.ரா. அவர்தான்.

எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள். எல்லாருக்கும் பின்னால் ஓர் உளவாளி. கையில் காசில்லை. ஆனால் மாலை நேரம் இருந்தது. கடற்கரையிலோ, அரவிந்தர் வீட்டிலோ, பாரதி வீட்டு மெத்தையிலோ, அதாவது மாடியிலோ, தினம் கூடினார்கள்.

மெத்தையில் கூடிய சபை

ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு இன்று நினைவில்லம். தன் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரை ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்றுதான் பாரதி கூப்பிட்டார். முத்தியாலுப்பேட்டையில் தோப்பு வைத்திருந்த கிருஷ்ணசாமி செட்டியாருக்கு ‘வெல்லச்சு’ என்று பெயர். இன்னொருவர் ‘எலிக்குஞ்சு’. பட்டப் பெயர் வைப்பதென்றால் பாரதிக்கு அவ்வளவு ஆசை என்று வ.ரா. எழுதுகிறார். வாடகை கேட்டு நெருக்காத வீட்டுக்காரர், தோப்பைத் திறந்து விட்ட செட்டியார், சிலம்ப வாத்தியார், குப்பை மூட்டையோடு திரிந்த குள்ளச்சாமி, பள்ளிக்கூட வாத்தியார்: தலைவர்கள் நாலு பேரைச் சுற்றி ஊர் முழுக்க ஒரு வட்டம் இருந்தது. அவர்கள் இல்லாமல் இந்தச் சபை ஒரு மாதம் தாங்கியிருக்காது.

என்ன பேசினார்கள்? அதைக் கண்டுபிடிக்க நாம் ரொம்ப அலைய வேண்டாம். பாரதி ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளிலும் கதைகளிலும் அந்தப் பேச்சு அப்படியே கிடக்கிறது. ஊரின் பெயரை மட்டும் ‘வேதபுரம்’ என்று மாற்றியிருப்பார். வேணு முதலி வருவார், பிரமராய அய்யர் வருவார், குள்ளச்சாமி சுவரேறிக் குதித்து வருவார். ஐரோப்பாவில் நடக்கிற சண்டை, சாதி, பெண் விடுதலை, வேதாந்தம், அன்றைக்குப் பெய்த மழை எல்லாம் ஒரே உட்காரலில் வந்து போகும். காக்கைகள் கூடிப் பார்லிமெண்டு நடத்துவதாக ஒரு கட்டுரை உண்டு. தராசு ஒன்று வாய் திறந்து, வருகிறவர்களின் கேள்விக்கெல்லாம் நியாயம் சொல்லும் தொடர் உண்டு. திண்ணைப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது இருந்தால்தான் இப்படி எழுத வரும். பேச்சில் ஒருவர் முழுக்கச் சரியாக இருப்பதில்லை. ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் வெட்டுவார், மூன்றாமவர் வேறெங்கோ இழுத்துப் போவார். அந்தத் தள்ளுமுள்ளு பாரதியின் வசனத்தில் இருக்கிறது.

புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. 1736 செப்டம்பரிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தினசரி எழுதி வைத்த குறிப்புகளில் கவர்னர் மாளிகை ரகசியமும் கடைத்தெரு விலையும் ஊர் வம்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. காதில் விழுந்ததை மதித்து எழுதி வைக்கிற ஊர் இது. அந்தக் குறிப்புகளின் காலத்தைத்தான் புதுவைக்காரரான பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று நாவல்களாக எழுதினார்.

அச்சு நின்றது, பாட்டு நிற்கவில்லை

புதுவையிலிருந்து போகும் ‘இந்தியா’ பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு எல்லையில் மறித்தது. தபால் பிரிக்கப்பட்டது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. ‘விஜயா’, ‘கர்மயோகி’ என்று பாரதி கை வைத்த மற்ற ஏடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அடுத்த ஆண்டில் ‘ஆறில் ஒரு பங்கு’, ‘கனவு’ என்ற இரண்டு சிறு புத்தகங்களுக்கும் தடை வந்தது.

பத்திரிகைக்காரனுக்குப் பத்திரிகை இல்லாமல் போவதைப் போன்ற தண்டனை வேறில்லை. செய்தி கையில் இருக்கிறது, அச்சுக்கூடம் இல்லை. அந்த நெருக்கடியில் மாலைக் கூட்டமே பத்திரிகை ஆயிற்று. செய்தியும் தலையங்கமும் பாட்டில் ஏறின. 1914இல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, தோற்றாலும் எதிர்த்து நின்ற அந்தச் சின்ன நாட்டை வாழ்த்திப் பாடினார். 1917இல் ஜார் மன்னன் வீழ்ந்ததும் ருஷ்யாவுக்கு ஒரு பாட்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் பெண்கள் படும் பாட்டைக் கேட்டு ஒரு பாட்டு.

இந்தக் கடைசிப் பாட்டைப் புதுச்சேரிக் கடற்கரையில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்பு வெட்டத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போனது இதே கரையிலிருந்துதான். பிஜி அந்த ஊருக்குத் தூரத்துச் செய்தி அல்ல. போனவர்களின் சொந்தக்காரர்கள் இங்கே தெருவில் இருந்தார்கள்.

1916 நவம்பரில் புதுவையைப் பெரும் புயல் அடித்தது. அதுவும் பாட்டாயிற்று. நள்ளிரவில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிற மாதிரி ஒன்று. விழாமல் தப்பிய ஒரு சின்னத் தென்னந்தோப்பைப் பார்த்து இன்னொன்று. உலகச் செய்திக்கு ஒரு சந்தம், உள்ளூர்ச் செய்திக்கு ஒரு சந்தம். பத்திரிகையை எல்லையில் நிறுத்தலாம். நெஞ்சில் ஏறிய மெட்டை எந்தச் சோதனைச் சாவடியில் நிறுத்த முடியும்?

தெருவே பாட்டு வாத்தியார்

பாரதி பிறந்த எட்டயபுரம் சங்கீத ஊர். ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்ற பெருநூலை 1904இல் வெளியிட்ட சுப்பராம தீட்சிதர் அங்கே அரண்மனை வித்துவான். அவர் மறைந்தபோது பாரதி இரங்கல் கவிதை எழுதினார். ஆக, சாஸ்திரிய சங்கீதம் தெரியாமல் தெருப் பாட்டைப் பிடித்துக்கொண்டவர் அல்ல அவர். இரண்டும் தெரிந்து, தெருவின் பக்கம் நின்றவர்.

‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில் அவர் கோபம் வெளிப்படையாக இருக்கிறது. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே கணபதி கீர்த்தனை, அதே ஏழெட்டுப் பாட்டு, பாடுகிறவருக்கும் பொருள் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது என்று வருந்துகிறார். தமிழில் புதுக் கீர்த்தனைகள் வேண்டும், பாட்டின் உணர்ச்சி கேட்பவர் நெஞ்சில் ஏற வேண்டும் என்கிறார். நாட்டு நடப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற ஜனம், பாட்டென்று வந்ததும் புரியாத மொழியில் தலையாட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

சரி, புதுப் பாட்டுக்கு மெட்டு எங்கே கிடைக்கும்? ஜன்னலுக்கு வெளியே கிடைத்தது. தெருவில் பாம்புப் பிடாரன் மகுடி ஊதுவதைக் கேட்டு அசந்துபோய், அந்த நாதம் எங்கிருந்து வருகிறது, குழலிலா மூச்சிலா என்ற விசாரத்தில் ஒரு வசன கவிதை எழுதினார். குடுகுடுப்பைக்காரனின் தாளத்தைப் பிடித்து, நல்ல காலம் வரப்போகிறது, சாதிகள் சேரப்போகின்றன என்று அவன் வாயால் அரசியல் சேதி சொல்ல வைத்தார். ‘குயில் பாட்டு’ கதைக்கு முத்தியாலுப்பேட்டைத் தோப்பு களம். மனசைப் பறிகொடுத்த ஓசைகளை அதில் ஒரு பட்டியலாகவே அடுக்குகிறார். ஏற்றம் இறைக்கிறவரின் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டு, கும்மி, குழல், வீணை. குழலுக்கும் வீணைக்கும் முன்னால் வேலை செய்கிறவர்களின் பாட்டு நிற்கிறது.

1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய சொல்லும் பொது ஜனங்களுக்குப் பிடித்த மெட்டும் கொண்டு காவியம் செய்கிறவனே தமிழுக்குப் புது உயிர் தருகிறான் என்ற கருத்தை முன்னுரையில் எழுதினார். நொண்டிச் சிந்து காவியத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். சூதாட்டத்தில் நாட்டை வைத்து இழந்த தருமனின் கதையை, நாட்டைப் பறிகொடுத்த ஜனங்கள் தங்கள் தெரு மெட்டிலேயே கேட்டால் எப்படியிருக்கும்! அதைவிடக் கூர்மையான அரசியல் பேச்சு வேறு என்ன இருக்கிறது?

கிணற்றில் கிடந்த ஜாடி

இதையெல்லாம் ஏதோ நிம்மதியான மாலைப் பொழுது என்று நினைத்துவிடக் கூடாது. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சி அதற்கு முன் புதுச்சேரிக்கு வந்து போனவர். அதன்பிறகு ஊரில் உளவாளிகள் நெருக்கியடித்தார்கள்.

ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி மேலே வந்தது. திறந்தால், உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். சோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. எரிப்பதா, புதைப்பதா? நண்பர்கள் கூடிப் பேசினார்கள். நாமே பிரெஞ்சுப் போலீஸை வரவழைத்துக் காட்டிவிடலாம் என்பது அரவிந்தர் சொன்ன யோசனை. அப்படியே செய்தார்கள். பிறகு அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைக் கண்டதும் மரியாதையோடு பேசிவிட்டுப் போனார். வெளியூரார் தங்க வேண்டுமானால் உள்ளூர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சங்கர செட்டியார் முன்னால் வந்தார். ஊர் கையெழுத்துப் போட்டது.

அந்த ஜாடியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது. தனியாக இருப்பவனுக்கு ஜாடியைக் கண்டதும் பயம்தான் வரும். பயத்தில் செய்வது தப்பாகத்தான் போகும். நாலு பேர் கூடி வாய்விட்டுப் பேசியதால் தப்பினார்கள். நாள்தோறும் பேசிப் பழகியவர்களுக்குத்தான் ஆபத்து நாளிலும் பேச வரும்.

ஒத்துப்போகாதவர்கள்

இவர்கள் ஒரே கருத்துக்காரர்கள் அல்ல. ஐயர் ஆயுதப் போராட்டத்தில் நம்பிக்கை வைத்து, இளைஞர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்தவர். அரவிந்தர் அரசியலிலிருந்து மெல்ல விலகி யோகத்தில் ஆழ்ந்துகொண்டிருந்தார். ஸ்ரீநிவாஸாசாரியார் ஆசாரக் குடும்பம். பாரதியோ 1913இல் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு, இனி நீயும் பிராமணன் என்றவர். கனகலிங்கம் பிற்காலத்தில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று புத்தகமே எழுதினார். இப்படிப்பட்டவர்கள் பத்தாண்டு எப்படிச் சேர்ந்து உட்கார்ந்தார்கள்?

பதில் ஐயரிடமே இருக்கிறது. ‘கண்ணன் பாட்டு’ இரண்டாம் பதிப்புக்கு 1919இல் வந்த அவருடைய முன்னுரையைப் படித்துப் பாருங்கள். கம்பனில் ஊறியவர், குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு வழி போட்டவர், குறை சொல்லத் தயங்காத விமரிசகர். அந்த மனுஷர் அங்கே உருகிப்போகிறார். இந்தப் பாட்டுகளை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது, புதுவைக் கடற்கரையில் அமைதியான மாலையில், கடலையே பாற்கடலாக்கும் நிலவில், அப்போதுதான் கட்டிய பாட்டைப் பாரதி பெருமிதத்தோடு தானே பாடக் கேட்டிருக்க வேண்டும், கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை முழுக்கத் தெரியும் என்ற பொருளில் எழுதுகிறார்.

துப்பாக்கியை நம்பியவர் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறார். பகலில் நடந்த வாக்குவாதம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடுத்த நாளும் வந்து உட்கார ஒரு காரணம் கிடைத்தது. பேச்சு பிரிக்கிற இடத்தில் பாட்டு பிடித்து வைத்தது. பாட்டை நாம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு அது சாந்து. அது இல்லாவிட்டால் கல் கல்லாக உதிர்ந்திருப்பார்கள்.

பாட்டு இரண்டு பக்கமும் போனது. பாரதி வழியாக ஆழ்வார் பாசுரங்கள் அரவிந்தருக்கு அறிமுகமாயின. நம்மாழ்வார், ஆண்டாள், குலசேகரர் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் தந்தார்; 1914 ஆகஸ்டில் தொடங்கிய அவருடைய ‘ஆர்யா’ இதழில் அவை வந்தன. அரவிந்தரோடு சேர்ந்து பாரதி ரிக் வேதம் படித்தார். பிரெஞ்சு கற்று, பிரெஞ்சுப் புரட்சியின் கீதத்தைத் தமிழில் பெயர்த்தார். வங்காளமும் தமிழும் பிரெஞ்சும் சமஸ்கிருதமும் ஒரு தெருக்கோடியில் கொடுத்து வாங்கின.

அடுப்படிக் கணக்கு

இந்தச் சபையைப் பற்றி எழுதுகிறவர்கள் மெத்தையோடு நின்றுவிடுகிறார்கள். படியிறங்கி அடுப்படிக்கும் போக வேண்டும். வருகிறவர்களுக்குக் காப்பி யார் போட்டது? அரிசி இல்லாத நாளில் அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டது யார்? பாரதியின் மனைவி செல்லம்மாள்தான். சபையின் முழுச் செலவும் அவர் தலையில் விழுந்தது. அந்தப் பத்தாண்டுப் பாட்டில் அவருடைய பட்டினியும் கலந்திருக்கிறது.

நமக்குக் கிடைத்த மிக நெருக்கமான சாட்சியும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஸ்ரீநிவாஸாசாரியாரின் மகள் யதுகிரி அப்போது சிறு பெண். பெரியவர்கள் பேசும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டவர். எந்தப் பாட்டு எந்த நாளில் எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது, எப்படிப் பாடினார், யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு ‘பாரதி நினைவுகள்’ நூலில் எழுதினார். நாடு கடந்த புரட்சிக்காரர்களின் சபைக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியவர் ஒரு சிறுமி என்பதை நாம் மறக்கக் கூடாது.

தாசன் என்ற பெயர்

1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே எல்லை தாண்டியதும் கைது. டிசம்பர் 14ஆம் தேதி விடுதலை. 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார். ஐயர் 1920இல் ஊர் திரும்பி, 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அரவிந்தர் 1950 டிசம்பரில் மறையும்வரை புதுவையிலேயே இருந்தார், ஆனால் வெளியே வரவில்லை. மாலைச் சபை கலைந்தது.

கலையாமல் நின்றவர், கல்யாண வீட்டில் பாடிய அந்த இளைஞர். பாரதி கேட்டுக்கொள்ள நண்பர்கள் நடுவே அங்கேயே ஒரு பாட்டு எழுதிக் காட்டியவர் சுப்புரத்தினம். தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பெழுதி, அதைச் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்கு அனுப்பினார் பாரதி. அந்த முதல் பாட்டு சக்தியைப் பற்றியது. அதை எழுதியவர் பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். கடவுள் மறுப்பைப் பாடினார். ‘புதுவை முரசு’ ஏட்டில் சாதியையும் சடங்கையும் சாடினார். குருவின் பக்தியில் முக்கால்வாசியை விட்டுவிட்டார். பெயரை மட்டும் விடவில்லை. 1935இல் அவர் தொடங்கிய கவிதை இதழுக்கும் பாரதியார் பெயரைத்தான் வைத்தார். ஏன் இன்னும் தாசன் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மனிதரின் நம்பிக்கையை மறுத்துக்கொண்டே அவர் அன்பைக் கடைசிவரை சுமக்க முடியும் என்பதற்கு, தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மெத்தையில் கற்ற பாடம் அது.

அந்தப் பாடம் ஊரிலும் இறங்கியது. 1936 ஜூலை 30ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் புதுவையில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். வ.சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம் அது. உழைப்பாளிகளை நாயகராக்கிப் பாடிய பாரதிதாசனின் பாட்டுகள் அந்தத் தலைமுறையின் மேடைகளில் முழங்கின. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அடுத்த ஆண்டு தேர்தலில் கவிஞரே சட்டமன்றத்துக்குப் போனார்.

லாஸ்பேட்டை வீடு

காலம் மாறியும் இந்த ஊர் இன்னொரு பேச்சுக்காரருக்கு இடம் கொடுத்தது. இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன், எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்து நாட்டார் வழக்காற்றுப் பணிக்கு வந்து, லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டார். 2021 மே 17ஆம் தேதி அங்கேயே மறைந்தார். இலக்கியத்துக்கு முன்னால் அவர் மோகம் சங்கீதம். கி.ரா.வும் எழுத்தாளர் கு.அழகிரிசாமியும் ஒரே ஊர், 1923இல் பிறந்த ஒரே வயசுக்காரர்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் தோய்ந்தவர்கள். கி.ரா.வுக்கு அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பிறகு நூலாக வந்தன. விவசாயிகள் போராட்டங்களில் நின்ற கம்யூனிஸ்டான கி.ரா., ராகம் பிடிபட வேண்டும் என்று ஏங்கியதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. லாஸ்பேட்டை வீட்டுக்கு யார் போனாலும் பேச்சு கரிசல் மழையில் ஆரம்பித்து, ஆட்சிக்குப் போய், நாகஸ்வர வித்துவான் காருகுறிச்சியாரின் நாயனத்தில் வந்து நிற்கும். கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி ஊரே அறிந்த விஷயம் அது.

இன்று மாலை

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காலை ஏழரை வரை அது நடக்கிறவர்களின் சாலை. கறுப்புப் பாறைகளில் அலை அடிக்கிறது. சுண்டல் விற்கிறவர் கூடையோடு போகிறார். சிமெண்டு மேடைகளில் பெரியவர்கள் நாலு பேர், ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். மின்கட்டணம், ரேஷன் அரிசி, மாநில அந்தஸ்து வருமா வராதா, பிரான்ஸில் இருக்கிற மகள் எப்போது வருவாள் என்று பேச்சு ஓடுகிறது. தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கையில் போன். அதிலிருந்து ஒரு பாட்டு கசிகிறது.

பேச்சும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம் விழுந்துவிட்டது. பேசுகிறவர்கள் பாடுவதில்லை. பாட்டுக் கேட்கிறவர்கள் தனித்தனியே காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். கருத்து வேறுபட்டால் போன் குழுவிலிருந்து விலகிவிடுகிறோம். விலகுகிறவரைப் பிடித்து வைக்க நம்மிடம் சாந்து இல்லை.

பாரதிதாசன் பாட்டுகளில் தமிழகம் முழுக்க வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது ஒன்று. தேஷ் ராகத்தில் மெட்டமைந்து 1951இல் ‘ஓர் இரவு’ படத்திலும் வந்தது. மனம் வாடிக் கிடக்கிற ஒருவர், பக்கத்தில் இருப்பவரை ஏதாவது வாசித்துப் பாடும்படி கேட்கிறார். அவ்வளவுதான் அந்தப் பாட்டின் விஷயம். கல்யாண வீட்டில் பாடச் சொல்லப்பட்ட இளைஞர், கவிஞராகிப் பிறரைப் பாடச் சொல்லி எழுதிய பாட்டு அது.

அடுத்த முறை நண்பர்கள் கூடி, தேர்தலும் விலைவாசியும் பேசிப் பேசிக் குரல் உயரும்போது, அந்தக் கூட்டத்தில் பாட வருகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கேட்டால்தான் பாடுவார். கேளுங்கள்.